புதுக் கம்பியூட்டர் வாங்க முன், பழையதின் மூடியை ஒருக்கா கழற்றிப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். விடயம் உங்கள் காசு சம்பந்தப்பட்டது.

நம்ம ஊரில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் இருக்கிற டெஸ்க்டொப் கம்பியூட்டர் மெதுவாக ஓடத் தொடங்கினால், அடுத்த கதை "புதுசு எடுக்கணும்" என்பதுதான். பழையதைக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இது பழைய மொடல், இனிச் சரிவராது" என்று சொல்வார். அந்த ஒரு வசனத்தோடு வீட்டில் முடிவு எடுபடுகிறது. உம்மாவின் நகை அடகுக்குப் போகும். இல்லாவிட்டால் சீட்டுக் காசைக் கூறி எடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் தவணைக்கு ஒரு லெப்டொப். பழையது அலுமாரிக்குப் பின்னால் போய்விடும், அல்லது அற்ப விலைக்கு எக்ஸ்சேஞ்சில் போய்விடும். அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற குடும்பப் படங்களும் அதோடு சேர்ந்து போகும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். உள்ளே எத்தனை ஜீபி ரேம் இருக்கிறது, இன்னும் எத்தனை போடலாம் என்று பார்க்காமல் ஒரு கம்பியூட்டரைக் கைவிடக் கூடாது. அந்தப் பார்வைக்கு வேண்டியது ஒரு ஸ்குரூ ட்ரைவரும் அரை மணித்தியாலமும்தான். அதைச் செய்யாமல் கடன் படுவது வீண்விரயம். வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம், இந்த இடத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

முதலில், கம்பியூட்டர் ஏன் மெதுவாகிறது?

ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் மேசை, பின்னால் ஸ்டோர். மேசை பெரிதாக இருந்தால் அடிக்கடி தேவைப்படுகிற சாமான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மேசை சின்னதென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஸ்டோருக்கு ஓட வேண்டும். ரேம் என்பது அந்த மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்டோர். ரேம் நிறைந்தவுடன் விண்டோஸ் அதில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு நேரம் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஆகும். மெஷின் முன்னால் டிஸ்க் லைட் விடாமல் எரிந்துகொண்டிருக்க, மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்பது இதனால்தான். புரசெசர் பாவம், சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது.

நம்ம வீடுகளில் இருக்கிற மெஷின்கள் பலவற்றில் 2 ஜீபி அல்லது 4 ஜீபி ரேம்தான் இருக்கிறது. வாங்கின காலத்தில் அது போதும். இன்று ஒரு பிரவுசரில் சூம் வகுப்பு ஒன்று, யூடியூப் ஒன்று, கடந்தகால வினாத்தாள் பி.டி.எஃப். ஒன்று என்று திறந்தாலே 4 ஜீபி முடிந்துவிடும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் ஆகக் குறைந்த அளவே 4 ஜீபிதான். அது இயங்குவதற்கான அளவு. வேலை செய்ய 8 ஜீபி வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது. மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்துப் படிக்கிறார். பைதன் எழுதிப் பார்க்க வேண்டும், தரவுத்தளம் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தது மூன்றாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டொப், 2013 காலத்து மெஷின். ஊரில் ஒரு கடையில் காட்டியபோது "போர்டே பழசு, புதுசு எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். உம்மா என்னிடம் கேட்டார்: "சேர், காப்பை வெச்சாவது ஒண்டு எடுக்கணும், எது நல்லம்?"

எதுவும் எடுக்க முன் மூடியைக் கழற்றுவோம் என்று சொன்னேன். உள்ளே எச் 61 ரகத்து மதர்போர்ட். ரேம் போட இரண்டு இடம். ஒன்றில் 4 ஜீபி. மற்றது வெறுமை, தூசு படிந்து கிடந்தது. அந்த ரகத்துப் போர்ட் மொத்தம் 16 ஜீபி வரை தாங்கும். பாவித்த 4 ஜீபி ரேம் ஒன்று தேடி எடுத்துப் போட்டோம். பிறகு கொஞ்சக் காசு சேர்த்து ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டினார்கள். மகள் அதே மெஷினில்தான் படிக்கிறார். காப்பு கையில் இருக்கிறது.

இந்தக் கதையில் பெரிய தொழினுட்பம் எதுவும் இல்லை. இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது என்பதைப் பார்க்க ஒரு ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி, நீங்களே பார்ப்பது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூடியைக் கழற்ற முன்னமே ஒரு சோதனை. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. பிள்ளை வழமையாகத் திறக்கிற எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். மெமரி 85, 90 வீதத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் உங்கள் பிரச்சினை ரேம். மெமரி 50 வீதத்தில் இருக்க டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நின்றால், ரேம் போட்டுப் பயனில்லை. அந்தக் காசுக்கு எஸ்.எஸ்.டி. போடுங்கள். இந்த ஒரு சோதனையே உங்கள் காசைப் பாதி காப்பாற்றிவிடும்.

2. அதே பக்கத்தில் "ஸ்லொட்ஸ் யூஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று, நாலில் இரண்டு என்று காட்டும். காலி இடம் உண்டா என்று அதிலேயே தெரியும். சில பழைய போர்டுகளில் இது பிழையாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே கண்ணாலும் பாருங்கள்.

3. விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் இருக்கும். 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜீபிக்கு மேல் பாவிக்கத் தெரியாது. அதிலும் முழு 4 கைக்கு வராது. 8 ஜீபி போட்டுவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று சொல்கிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம். முதலில் 64 பிட் விண்டோஸ் போட வேண்டும்.

4. ரேமின் வகை. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று மூன்று வகை இப்போது புழக்கத்தில் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. நடுவில் இருக்கிற வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லை என்றால் பலவந்தப்படுத்த வேண்டாம், அது வேறு வகை. ரேமில் ஒட்டியிருக்கிற லேபலில் பி.சி. 3 என்று தொடங்கினால் டி.டி.ஆர். 3, பி.சி. 4 என்று தொடங்கினால் டி.டி.ஆர். 4. லெப்டொப் ரேம் நீளத்தில் பாதியளவுதான் இருக்கும், டெஸ்க்டொப்பில் அது பொருந்தாது. கடைக்குப் போக முன் லேபலைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் லேசான வழி அது.

5. வேகம். பழையது 1333, புதியது 1600 என்று இருந்தாலும் பொதுவாகச் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். ஆகவே அதிக வேகத்துக்காக அதிக காசு கொடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நல்லது. இரண்டு இடத்திலும் சம அளவு ரேம் இருக்கும்போது போர்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கும். தனி 8ஐ விட இரண்டு 4 கொஞ்சம் சுறுசுறுப்பாக இருப்பது இதனால்தான்.

6. ஒரு எச்சரிக்கை. மற்றதை விட மிக மலிவாக ஒரு டி.டி.ஆர். 3 ரேம் கிடைத்தால், அது ஏ.எம்.டி. போர்டுக்கு மட்டும் என்று செய்யப்பட்டதா எனக் கேளுங்கள். அப்படி ஒரு வகை சந்தையில் உண்டு. இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது. வாங்க முன்னமே, "சரிவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போடுகிற விதம் இதைவிட லேசு. மெஷினை நிறுத்தி, சுவரில் பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வெளியேறும். பக்கத்து மூடியைக் கழற்றி, கையால் கேசின் இரும்பைத் தொடுங்கள். உடம்பில் இருக்கிற நிலைமின் ரேமைப் பழுதாக்காமல் இருக்க அது. ஸ்லொட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் விரியுங்கள். ரேமை ஓரத்தில் பிடித்து, வெட்டு நேராக வருகிற மாதிரி வைத்து, இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்துங்கள். "டிக்" என்று சத்தம் கேட்டுக் கொக்கி தானாக மூடும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி இருக்கும், பயப்பட வேண்டாம்.

போட்ட பிறகு திரையில் ஒன்றும் வராவிட்டால் உடனே மனம் உடையத் தேவையில்லை. பெரும்பாலும் சரியாக இறங்கியிருக்காது. கழற்றித் திரும்பப் போடுங்கள். நம்ம மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் தூசும் சேர்ந்து ரேமின் பொன்னிறப் பற்களில் ஒரு படலம் படியும். பிள்ளையின் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஸ்லொட்டுக்குத் தூரமாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். "செத்துப்போச்சு" என்று ஒதுக்கிய மெஷின் இந்த ஒரு வேலையால் எழும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். எல்லாம் சரியானால், விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடி ஒரு தரம் ஓடவிடுங்கள். புது ரேமில் பழுது இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுக்கிற நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா மெஷினையும் ரேமால் காப்பாற்ற முடியாது.

டி.டி.ஆர். 2 காலத்து மெஷினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வீடியோ எடிட்டிங், பெரிய டிசைன் வேலை செய்கிற பிள்ளைக்குப் பழைய ஐ3 போதாது, எத்தனை ஜீபி போட்டாலும் சரி. விண்டோஸ் விடயமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. பதிவு செய்துகொள்கிற வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிப்பு உண்டு. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரசெசர் வேண்டும். ரேம் கூட்டுவதால் இது மாறாது. கடைக்காரர் இதைக் காட்டிப் புதுசு வாங்கச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் பழைய மெஷினில் 4 ஜீபியிலேயே நன்றாக ஓடும், 8 இருந்தால் இன்னும் நல்லது. பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். பைதன் அதில் இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. தமிழ் யுனிகோட் இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது அநேகமாக எல்லாம் அதில் நடக்கும். உயர்தரத்தில் இந்தப் பாடம் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் பழகக் கிடைப்பது மேலதிக இலாபம்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன்?

2022 நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. கம்பியூட்டர் சாமான் எல்லாம் டொலரில் வருகிறது, ஆகவே விலையும் அதோடு ஏறியது. சம்பளம் அப்படி ஏறவில்லை. இப்போது அதற்கு மேல் இன்னொரு சுமை. உலகத்துக்கு ரேம் செய்து கொடுக்கிற பெரிய கம்பனிகள் மூன்றுதான்: சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய சேவர் நிலையங்களுக்கு அவர்களுடைய உற்பத்தி திரும்பியதால், 2025இன் கடைசியிலிருந்து நம்ம பாவிக்கிற சாதாரண ரேமின் விலை உலகச் சந்தையில் கடுமையாக ஏறியது. மைக்ரோன் கம்பனி தன்னுடைய குரூஷல் என்ற பெயரில் சாதாரண பாவனையாளருக்கு விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

இதனால் நமக்கு மூன்று விடயம். ஒன்று, புது மெஷினின் விலைக்குள்ளும் அந்த ஏற்றம் ஒளிந்திருக்கிறது. குறைந்த விலைக்கு வருகிற லெப்டொப்பில் எத்தனை ஜீபி, பிறகு கூட்ட முடியுமா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். சிலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு, அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிற பழுதான மெஷினுக்குள் இருக்கிற ரேம் குப்பை இல்லை. இரண்டு பழைய மெஷினை ஒன்றாக்கி ஒரு நல்ல மெஷின் எடுக்கலாம். மூன்று, திருத்தக் கொடுக்கிற நேரம் உள்ளே இருக்கிறதைப் படம் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். 8 ஜீபியாகப் போய் 4 ஜீபியாகத் திரும்பி வந்த மெஷின்களின் கதை ஊரில் இல்லாமல் இல்லை.

கடைக்காரத் தம்பிமார் கோபிக்க வேண்டாம். உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு மெஷினைத் திறந்து அரை மணித்தியாலம் மினக்கெட்டு, "ஒரு ரேம் போட்டால் போதும்" என்று உண்மை சொன்னால், ஆட்கள் "நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு சதமும் கொடுக்காமல் போகிறார்கள். பிறகு உண்மை சொல்ல யாருக்கு மனம் வரும்? இது எங்கள் பக்கத்துக் குறை. வைத்தியரிடம் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம், மருந்து எழுதாவிட்டாலும் கொடுக்கிறோம். கம்பியூட்டரைச் சோதித்துச் சொல்கிறவருக்கும் சோதித்ததற்கு ஒரு கூலி கொடுக்க வேண்டும். நீங்களும் அந்தக் கூலியைப் பலகையில் எழுதிப் போடுங்கள். விற்றால்தான் வருமானம் என்ற நிலை மாறினால், இருவருக்கும் நிம்மதி.

கடைசியாகப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் இந்தப் பாடம் படிக்கிற பிள்ளைகள் ரேமின் வரைவிலக்கணத்தை நித்திரையிலும் சொல்வார்கள். பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளியும் எடுப்பார்கள். ஆனால் ஒரு ரேமைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை எத்தனை பேர்? தவணைக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஊரில் இருக்கிற மெதுவான மெஷின்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவர், கடைக்காரத் தம்பி ஒருவர் பக்கத்தில் இருக்க, பிள்ளைகள் திறந்து பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்: எத்தனை ஜீபி இருக்கிறது, எத்தனை போடலாம், ரேம் வேண்டுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா, உண்மையில் புதுசுதான் வேண்டுமா. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு உம்மா கடைக்குப் போனால், அங்கே நடக்கிற கதையே வேறு மாதிரி இருக்கும்.

முக்கியமாகப் பொம்பிளைப் பிள்ளைகளை இதில் முன்னுக்கு விடுங்கள். வெளியில் நெட் கஃபேக்கோ நண்பர் வீட்டுக்கோ போய் வேலை செய்ய வசதி இல்லாத பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கிற அந்த ஒரு டெஸ்க்டொப்தான் எல்லாம். அது நின்றால் அவர்களின் படிப்பும் நிற்கிறது. அதைத் திருத்துகிற அறிவு அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். நானாவோ சாச்சாவோ வரும் வரைக்கும் ஒரு பிள்ளையின் படிப்பு காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் வீட்டு மெஷின் மெதுவாக இருந்தால், டாஸ்க் மெனேஜரில் மெமரிப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே கொமென்டில் போடுங்கள். ரேம் லேபலின் படமும் இருந்தால் நல்லம். என்ன போடலாம், போட வேண்டுமா என்று நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். என்னைவிட நன்றாகத் தெரிந்த தம்பிமார் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், நீங்களும் எழுதுங்கள். புதுசு வாங்கக் கடன் கேட்டு அலைகிற ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்தால், இந்தப் பதிவை முதலில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.